பத்தாயம் ஒழிந்த வீட்டில் பண்ணியம் ஏது?

தஞ்சையினின்று மன்னார்குடிக்கோ, குடந்தையினின்று திருவாரூருக்கோ பேருந்தேறிச் செல்வார் எவரும் இரு காட்சிகளை ஒருங்கே காண்பர். சாலையின் இருமருங்கும் கண்ணுக்கெட்டிய அளவும் நெல்வயல். அச்சாலையை ஒட்டிய ஒவ்வொரு பெட்டிக்கடையின் முகப்பிலும் மேலிருந்து கீழாகச் சரஞ்சரமாகத் தொங்கும் ஞெகிழிப் பொட்டலங்கள். மாலையில் பள்ளி விட்டு வரும் சிறுவர் வயலைப் பார்ப்பதில்லை, சரத்தையே பார்க்கின்றனர். சோழநாட்டின் பெருமை சோறு என்று ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலைப் பகல் வகுப்பில் ஒப்பித்த அதே பிள்ளை, மாலைப் பசிக்கு, எங்கோ விளைந்த உருளைக்கிழங்கைக் கடல்கடந்து வந்த செம்பனை எண்ணெயில் வறுத்துக் காற்றடைத்து விற்கும் உறை ஒன்றைப் பத்து உருபா கொடுத்து வாங்கித் தின்றுகொண்டே வரப்பின்மேல் நடந்து வீடு போய்ச் சேர்கிறான்.

பத்து உருபாதானே என்பர். கணக்கிட்டுப் பார்க்க. உறையில் 25 கிராம் இருப்பதாகவே வைத்துக்கொண்டால் கிலோ 400 உருபா ஆகிறது. அப்பிள்ளையின் தந்தை கொள்முதல் நிலையத்தில் நாட்கணக்கில் காத்துக் கிடந்து தன் நெல்லை அளந்து போட்டுவிட்டுப் பெறுவது, 2025–26ஆம் பருவத்து விலைப்படி, கிலோவுக்கு ஏறத்தாழ 25 உருபா. அஃதாவது பதினாறு கிலோ நெல்லை விற்று ஒரு கிலோ வறுவல் வாங்குகிறது அக்குடும்பம். வீட்டில் பிள்ளைகள் இருவர், நாளுக்கு ஆளுக்கோர் உறை எனின், ஆண்டுக்கு 7300 உருபா. நெல்லாக எண்ணினால் 292 கிலோ. அறுபது கிலோ மூட்டை ஐந்துக்குச் சற்றே குறைவு! நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து, மழைக்கும் பூச்சிக்கும் அஞ்சி அஞ்சி விளைவித்த ஐந்து மூட்டை நெல், ஆண்டுதோறும், பெட்டிக்கடைச் சரத்தின் வழியாக ஊரைவிட்டு வெளியேறுகிறது. தண்டல்காரன் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தால் ஊரே திரண்டு கூக்குரலிடும். பிள்ளையின் கையால் போவதால் எவர்க்கும் தெரிவதில்லை.

இதற்குக் கரணியம் கேட்டால் பலரும் ஒரே விடையைச் சொல்கின்றனர்: இக்காலத்துப் பெண்டிர்க்குச் சமையலில் நாட்டமில்லை; தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பொழுது போகிறது; பாட்டிமார் கைப்பக்குவம் தாய்மார்க்கு வரவில்லை. மேடைதோறும் கேட்கும் பேச்சு இது. பேசுவோர் பெரும்பாலும் ஆடவர். தம் வாழ்நாளில் ஒரு படி மாவு இடித்தறியாதவர். இவ்விடை பொய் என்பதோடு அறங்கெட்டதும் ஆகும். தஞ்சைத் தரணியின் சிற்றுணவு அழிந்தது கைப்பக்குவம் போனதால் அன்று. கைக்கு எட்டிய இடத்தில் இருந்த தவசம் போனதால். பத்தாயம் ஒழிந்தது, பண்ணியமும் ஒழிந்தது.

பத்தாயத்தைப் பார்த்தறியாத தலைமுறை ஒன்று இன்று வளர்ந்துவிட்டது. பலகைகளை அடுக்கடுக்காகப் பொருத்தி ஆளுயரத்துக்கு மேல் எழுப்பிய மரக் களஞ்சியம் அது. அடியில் ஒரு சிறு வாய். திறந்தால் நெல் தானே சரியும். அதற்கு வாய்ப்பில்லாத வீட்டில் மண்ணாலான குதிர். அதுவும் இல்லாத வீட்டில் வைக்கோற்புரி சுற்றிய சேர். அறுவடை முடிந்ததும் விதைக்கு, சோற்றுக்கு, கோயிலுக்கு, கூலிக்கு எனப் பிரித்து வைத்த பின்னரே எஞ்சியது விலைக்குப் போயிற்று. சோற்றுக்கென வைத்த நெல்லை அவ்வப்போது எடுத்து அவித்து, முற்றத்தில் உலர்த்தி, குற்றிப் புடைத்தனர். புடைக்குங்கால் உமி அடுப்புக்குப் போயிற்று. தவிடு மாட்டுக்குப் போயிற்று. முழுவரிசி பானைக்குப் போயிற்று. நொய்யும் குறுணையும் முறத்தின் ஓரத்தில் தங்கின. இவற்றை எந்த வணிகரும் நல்ல விலைக்குக் கேட்டதில்லை. விலைக்குப் போகாத அந்த நொய்தான் இந்நாட்டுச் சிற்றுணவுக்கெல்லாம் முதற்பொருள்!

நொய்யிலிருந்து கஞ்சி. நொய்யோடு ஒரு கை துவரையும் சிறிது மிளகும் சேர்த்து உடைத்தால் வெண்கலப் பானையில் கிளறும் உப்புமா. ஆறிய உப்புமாவைக் கையால் பிடித்து ஆவியில் வைத்தால் பிடிகொழுக்கட்டை. மாலையில் வந்த பிள்ளைக்குக் கொழுக்கட்டை. காலையில் களத்துக்குப் போனவர்க்கு உப்புமா. இரண்டுக்கும் உலை ஒன்றே. நொய்யைக் குருணையாக உடைத்து நனைத்து அவித்தால் புட்டு. மாவாக்கிப் பிழிந்தால் இடியாப்பம். உச்சிவேளைச் சோறு மிஞ்சினால் நீரூற்றி வைத்து விடியலில் பழஞ்சோறு. அதுவும் மிஞ்சினால், வெயிற்காலமாயின், உப்பும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்து பாயில் கிள்ளி வைத்து வடகம். அரிசியின் ஒரு மணியும் வீணாகாத இவ்வொழுங்கை வகுத்தவள் எந்தக் கல்லூரியிலும் மனையியல் படித்தவள் அல்லள். மராட்டிய அரண்மனைச் சமையல் பற்றிய சுவடிகளைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் காத்து வைத்திருக்கிறது, நன்று. நொய்யில் ஏழு வகை செய்த உழத்தியின் சமையலை எவரும் சுவடியில் எழுதி வைக்கவில்லை. அவள் கையே சுவடியாக இருந்தது.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்தைக் காட்டும்போது ஒரு சிறு காட்சியை வைக்கிறார். வயலில் உழைக்கும் வினைஞரின் செல்லப் பிள்ளைகள் பழஞ்சோற்றைத் தின்று தின்று சலித்துப் போகின்றனர். வரப்போரத்தில் புதுவைக்கோல் வேய்ந்த குடிலின் முன்றிலில் புதுநெல்லை அவலாக இடிக்கின்றனர். அவ்வுலக்கை ஒலிக்குக் கிளிகள் அஞ்சிப் பறக்கின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அவ்வீட்டிலும் பிள்ளை பழையது வேண்டாம் என்று முகஞ்சுளிக்கிறது! பிள்ளைகள் என்றும் பிள்ளைகளே. வேறுபாடு ஒன்றுதான். அன்று முகஞ்சுளித்த பிள்ளைக்கு முன்றிலில் நெல் இருந்தது, உலக்கை இருந்தது. இன்று முகஞ்சுளிக்கும் பிள்ளைக்குக் கையில் பத்து உருபாத் தாள் இருக்கிறது.

பழங்காலத்தைப் பொற்காலமாகப் பாடுவது இங்கு நோக்கமன்று. பத்தாயம் எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை என்பதைத் தஞ்சை மண்ணிற் பிறந்த எவரும் மறைக்க முடியாது. நிலக்கிழார் வீட்டுப் பத்தாயம் நிரம்பி வழிந்தபோது, அதை நிரப்பியவர் குடிலில் ஆடி ஐப்பசித் திங்கள்களில் அடுப்பெரியாத நாள்கள் பல. நத்தையும் நண்டும் வயற்கீரையும் அவர்களுக்குச் சிற்றுணவு அல்ல, பேருணவே அவைதாம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்டிரும் குழந்தைகளுமே அவர்களிற் பெரும்பாலோர். அவர்கள் அரசு கேட்டாரல்லர். அரைப்படி நெல் மிகுதியாகக் கேட்டனர். ஆதலால் எளிய உணவைப் பற்றி எழுதுவோர் எவரும், எளிமை வேறு, இல்லாமை வேறு என்பதை முதலில் நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. கூலி நெல்லாகத் தரப்படுவதில்லை, பணமாகத் தரப்படுகிறது. 2011 சூன் முதல் நாளினின்று பங்கீட்டுக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. இது பெரும் மாற்றம். பசியை ஊரினின்று விரட்டிய மாற்றம். ஆனால் இதன் மறுபக்கம் ஒன்றுண்டு. நிலமுடையவனும் இப்போது நெல்லை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அறுவடைப் பொறி களத்திலேயே கொட்டுகிறது. அங்கிருந்தே சுமையுந்தில் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. பணம் வைப்பகக் கணக்கில் ஏறுகிறது. ஐந்து வேலி உடையவனும் சோற்றுக்கு அரிசியைக் கடையில் வாங்குகிறான். ஆலை தீட்டிய வெள்ளரிசி. அதில் நொய் இல்லை, குறுணை இல்லை. நொய்யை ஆலை தனியே பிரித்துத் தனியே விற்றுவிடுகிறது. இல்லாத நொய்யில் தாய் எதைக் கிளறுவாள்?

உளுந்தின் கதை இன்னும் வேடிக்கையானது. சம்பா அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்னர், நெற்பயிர் நிற்கும்போதே, ஈர மண்ணில் உளுந்தையும் பாசிப்பயற்றையும் தெளிப்பது காவிரிப் படுகையின் நெடுங்கால வழக்கம். தனி உழவு இல்லை, தனி நீர்ப்பாய்ச்சல் இல்லை. மண்ணில் எஞ்சிய ஈரமும் பனியுமே அதற்குப் போதும். சுறவத்தில் (தை) தெளித்தது மீனத்தில் (பங்குனி) காய்த்து முற்றிவிடும். இதற்கென்றே ஆடுதுறை 3 என்னும் உளுந்து வகையைத் தந்தது 1922இல் தோன்றிய ஆடுதுறை நெல்லாராய்ச்சி நிலையம். நெல் எடுத்துக்கொண்ட உரத்தில் ஒரு பகுதியைப் பயற்றஞ்செடியின் வேர்முடிச்சு மண்ணுக்குத் திருப்பித் தருகிறது. அரிசியில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கே புரதம். உளுந்தில் இருபதுக்கும் மேல். நிலம் தானே வகுத்துக் கொடுத்த இணை இது: அரிசியும் உளுந்தும். இட்டலி, தோசை, வடை, களி, கஞ்சி யாவும் இவ்விணையின் மக்கள்.

அவ்வுளுந்தை உழவன் என் செய்கிறான்? களத்திலேயே வணிகரிடம் விற்றுவிடுகிறான். அறுவடைப் பருவமாதலால் விலை அப்போதுதான் மிகவும் தாழ்ந்திருக்கும். ஆறு திங்கள் கழித்து அதே உளுந்தை, தோல் நீக்கி வெளுப்பேற்றிய நிலையில், இருமடங்கு விலை கொடுத்து மளிகைக் கடையில் வாங்குகிறான். அதுவும் இப்போது பழங்கதை. அரைத்த மாவையே உறையில் வாங்கும் வழக்கம் சிற்றூர் வரை வந்துவிட்டது. உளுந்து விளையும் ஊரில் இட்டலி மாவு விலைக்கு! குளத்தங்கரையில் குடியிருந்துகொண்டு குடிநீர்ப் புட்டி வாங்குவது போன்றதே இது. அதையுந்தான் வாங்குகின்றனர் என்பது வேறு.

பொருள் போனால் சொல்லும் போகும் என்பதைத் தமிழன்பர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சோறு என்னும் பழந்தமிழ்ச் சொல்லைத் தாழ்வெனக் கருதிச் ‘சாதம்’ என்றனர். பின்னர் அதுவும் பழமையாகி ‘ரைசு’ ஆயிற்று. பண்ணியம், பணியாரம் என்று வழங்கியவை ‘பலகாரம்’ ஆயின. சில வீடுகளில் ‘பட்சணம்’ ஆயின. இன்று பள்ளிப் பிள்ளைகளின் வாயில் ‘சிநாக்சு’. சங்க நூல்களில் அப்பஞ்சுட்டு விற்போர்க்குக் கூவியர் என்று ஒரு தனிப்பெயரே உண்டு. அத்துணைப் பழமை உடையது இத்தொழில். ஆனால் ஒன்றை ஒளிவின்றிக் கூற வேண்டும். உறையின்மேல் தமிழில் எழுதிவிட்டால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. ‘வறுவல்’ என்று அச்சடித்து விற்றாலும் அந்த ஐந்து மூட்டை நெல் போவது போவதுதான். சொல்லுக்காகப் போராடுவோர், அச்சொல் குறிக்கும் பொருள் தம் அடுக்களையில் உள்ளதா என்றும் பார்த்துக்கொள்வது நன்று. தனித்தமிழ் பேசும் வீட்டுத் திண்ணையிலும் அந்தச் சரத்து உறைகள் கிழிந்து கிடப்பதைக் காணலாம்.

நொய், குறுணை, தவிடு, உமி, கருக்காய், பதர், பொரி, அவல் என நெல் ஒன்றைச் சுற்றியே எத்தனை சொற்கள்! ஆலையில் தீட்டிய அரிசியை மட்டும் கண்ட பிள்ளைக்கு இவற்றுள் எத்தனை தெரியும்? அகராதியில் இருப்பதால் ஒரு சொல் வாழ்ந்துவிடாது; முறத்தில் இருந்தால்தான் வாழும்.

தன் மண்ணில் விளையாத தவசத்தை நாளுணவாக்கிக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈழத்துத் தமிழரின் பட்டறிவு அருகிலேயே இருக்கிறது. இலங்கை மண்ணில் கோதுமை விளைவதில்லை. ஆயினும் வெள்ளையராட்சிக் காலந்தொட்டுக் கோதுமைப் பாண் அங்குக் காலையுணவாகப் பரவியது. 1980இல் திரிகோணமலையில் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கியது. புட்டுக்கும் இடியாப்பத்துக்குங்கூடக் கோதுமை மாவு கலப்பது வழக்கமாயிற்று. 2022இல் அந்நாட்டில் வெளிநாட்டுப் பணம் தீர்ந்து போனபோது மாவு விலை ஏறி, பாணின் விலையும் உடன் ஏறியது. போர்க்கால முற்றுகையில் பொருள் வரத்து தடைப்பட்டபோது யாழ்ப்பாணத்தார்க்குக் கைகொடுத்தது பனை. பனங்கிழங்கை உலர்த்திய ஒடியலும், ஒடியற் கூழும், பனாட்டும் கடையினின்று வந்தவை அல்ல, வேலியோரத்தினின்று வந்தவை. படுகையிலும் வேதாரணியப் பக்கம் பனைக்குக் குறைவில்லை. பனங்கிழங்கு விற்போர் சாலையோரத்தில் வெயிலிற் காத்திருக்க, உந்துகள் நில்லாமற் போகின்றன.

தமிழ்நாட்டிலும் கோதுமையின் வரவு இவ்வாறே. 1960களில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது அரிசிக்கு மாற்றாகக் கோதுமை பரிந்துரைக்கப்பட்டது. உருபாவுக்குப் படியரிசி என்பது 1967 தேர்தலின் தலையாய முழக்கமாக இருந்த காலம் அது. தட்டுப்பாடு என்றோ தீர்ந்துவிட்டது, மைதா தங்கிவிட்டது. இரவு எட்டு மணிக்குப் படுகையின் எந்தக் கடைத்தெருவிலும் புரோட்டாக் கல்லின் ஓசைதான் ஓங்கிக் கேட்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் கிளிகள் இன்றிருந்தால் அவ்வோசைக்கே அஞ்சிப் பறக்கும்.

பள்ளியில் அரசு இடும் காலையுணவையும் இவ்வகையில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2022 செபுதம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய அத்திட்டம், 2023 ஆகத்து 25 அன்று படுகைநாட்டுத் திருக்குவளையிலிருந்தே மாநிலம் முழுவதற்கும் விரிவுற்றது. பசித்த வயிற்றோடு பாடங்கேட்ட பிள்ளைகளின் துயரை நேரிற் கண்ட ஆசிரியர் எவரும் இத்திட்டத்தைக் குறைத்துப் பேசார். 2019–21இல் எடுத்த நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் குருதிக்குறைவு உடையோர் என்று காட்டியது. உணவு இடுவது கடமை. ஆனால் தொடக்கத்தில் வகுத்த உணவுப் பட்டியலைப் பார்த்தால் ரவை, சேமியா, கோதுமை ரவை என்பனவே முன் நிற்கின்றன. அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும் இடையில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. நெல் விளையும் மாவட்டங்களின் பள்ளிகளிலேனும் நொய்யரிசி உப்புமாவும், பயறு சேர்ந்த பொங்கலும், உளுந்தங்கஞ்சியும் நாள்தோறும் இருக்கலாகாதா? பயற்றை அவ்வூர்க் களத்திலேயே அரசு கொள்முதல் செய்து அவ்வூர்ப் பள்ளிக்கே கொடுத்தால், உழவனுக்கும் விலை, பிள்ளைக்கும் வலு. சென்னையிலிருந்து ஆணை வர வேண்டிய செய்திதான் இது; ஆயினும் ஊராட்சி மன்றங்கள் தீர்மானம் இயற்றி அனுப்பத் தடையேதும் இல்லை.

இனி வீட்டுக்கு வருக. வீட்டிற் செய்வது மலிவு என்று சொல்லும் கணக்குகளிலெல்லாம் பெண்ணின் உழைப்புக்குச் சுழியே போடப்பட்டிருக்கிறது. நாற்று நட்டோ, நூறுநாள் வேலைக்குச் சென்றோ, அலுவலகம் சென்றோ மாலை மீள்பவளிடம் ‘கடையில் வாங்காதே, நீயே செய்’ என்பது அறிவுரை அன்று, சுமை. உலக்கைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் தம் தோளைத் தேய்த்துக் கொடுத்த பாட்டிமாரின் மூட்டுவலியைக் கைப்பக்குவம் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. நற்பேறாக இடிக்கும் வேலை இன்று பொறிக்குப் போய்விட்டது. 2011 முதல் சில ஆண்டுகள் அரசு விலையின்றி வழங்கிய மின்னம்மியும் மாவரைக்கும் பொறியும் படுகையின் பெரும்பாலான குடிசைகளிலும் உள்ளன. எஞ்சியிருப்பது வறுப்பது, கிளறுவது, உருட்டுவது. இதற்கு ஆடவர் கை ஆகாது என்று எந்தத் தொல்காப்பியமும் விதிக்கவில்லை. ஊர்த்திருவிழாவில் ஓராயிரம் பேர்க்கு அண்டா வைத்துக் கிளறும் சமையற்காரர் ஆடவரே. தம் வீட்டு அடுப்பு மட்டும் அவர்க்கு எட்டாத உயரத்திலா இருக்கிறது?

ஞாயிறு ஒரு முற்பகல் போதும். பொரிவிளங்காய் உருண்டையை எடுத்துக்கொள்க. (விளாங்காயைப் போல் வன்மையாக இருப்பதால் இப்பெயர் என்பர், பிள்ளைகள் இதைப் ‘பொருள்விளங்கா உருண்டை’ ஆக்கிவிட்டனர், அதுவும் நகைச்சுவையாகத்தான் இருக்கிறது.) பங்கீட்டுக் கடைப் புழுங்கலரிசியே இதற்கு நன்று. அரிசி கால் கிலோ, பாசிப்பயறு கால் கிலோ. தனித்தனியே சிவக்க வறுத்து, சுக்கும் சிறிது ஏலமும் சேர்த்துத் திரித்துக்கொள்க. மாவு மூன்று பங்குக்கு வெல்லம் இரண்டு பங்கு. பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காய் ஒரு பிடியை வறுத்து மாவில் கலந்துகொண்டு, பாகை ஊற்றிக் கிளறி, சூட்டோடு உருட்ட வேண்டும். செலவு எவ்வளவு? அரிசிக்கு ஏதுமில்லை. பயறும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்து ஏறத்தாழ எழுபது உருபா. உருண்டை முப்பதுக்குக் குறையாது. ஒன்று இரண்டரை உருபா அளவே ஆகிறது. கடித்துத் தின்னவே கால்மணி ஆகும். பிள்ளைக்குப் பசியும் தீரும், பேச்சும் குறையும். ஒரு திங்கள் வைத்திருந்தாலும் கெடாது.

நொய் உப்புமாவுக்கு நொய் கிடைக்கவில்லை எனின், பங்கீட்டுப் பச்சரிசியைக் கழுவி உலர்த்தி, ஒரு கைப்பிடித் துவரம்பருப்பும் மிளகும் சீரகமும் சேர்த்து மின்னம்மியில் இரண்டு சுற்றுச் சுற்றி உடைத்துக்கொள்ளலாம். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு நீர். அடிகனத்த ஏனமாக இருத்தல் வேண்டும். மூடி வைத்துச் சிறுதீயில் விட்டால் அடியில் ஒரு பொன்னிறக் காந்தல் பிடிக்கும். அக்காந்தலுக்குப் பிள்ளைகள் போடும் சண்டையை, எந்த உறைத்தின்பண்டத்துக்கும் எவரும் கண்டதில்லை.

உளுந்தங்களி பற்றித் தனியே சொல்ல வேண்டும். பூப்பெய்திய பெண்பிள்ளைக்கு முதல் சில நாள்கள் மட்டும் கொடுத்துவிட்டுப் பின்னர் மறந்துவிடும் உணவாக அது சுருங்கிவிட்டது. உளுந்து நான்கு பங்குக்கு அரிசி ஒரு பங்கு வறுத்துத் திரித்த மாவு வீட்டில் இருந்தால், கருப்பட்டி நீரில் கரைத்து நல்லெண்ணெய் விட்டுக் கிண்டக் கால்மணி போதும். பெண்பிள்ளைக்குத் தருவதை ஆண்பிள்ளைக்கும் தரலாம். திங்களுக்கு நான்கு முறை தரலாம். வளரும் எலும்பு இருபாலார்க்கும் எலும்புதான்.

இவையனைத்துக்கும் முதலடி, சமையற் குறிப்பு அன்று. வீட்டில் தவசம் வைப்பது. மரப் பத்தாயத்தை மீண்டும் எழுப்ப எவராலும் இயலாது. மரமும் இல்லை, இடமும் இல்லை. ஆனால் இரும்புத் தகரக் கலன் ஒன்று, இரு மூட்டை கொள்வது, ஓரிரண்டாயிரம் உருபாவுக்குள் கிடைக்கிறது. களத்திலிருந்து சுமையுந்து கிளம்புவதற்கு முன் சம்பாவில் நான்கு மூட்டையும் உளுந்தில் ஒரு மரக்காலும் இறக்கி வைத்துவிட்டுப் பிறகு அனுப்புக. கட்டிமேடு நெல் செயராமன் 2006 முதல் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிப் பெற்று, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளை மீட்டார். 2018 திசம்பரில் அவர் மறைந்தார். காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் இன்று நகரத்து அங்காடிகளில் உயர்ந்த விலைக்கு விற்கின்றன. மீட்ட ஊர்களில் அவற்றைச் சோறாக உண்பவர் சிலரே. அவ்வகைகளில் கால் காணியேனும் வீட்டுக்கென்றே பயிரிட்டால், அவலுக்கும் பொரிக்கும் புட்டுக்கும் அவையே ஏற்றவை. சி.ஆர். 1009 என்னும் பொன்மணிக் குண்டுநெல் பயிரிடுவோர்க்கு இட்டலிக்கு வேறு அரிசி தேட வேண்டுவதில்லை.

நிலமற்றோர்க்கு இவ்வழி இல்லை. அவர்க்குப் பங்கீட்டரிசியே குதிர். அவ்வரிசியை மட்டமென்று கிலோ ஐந்துக்கும் ஆறுக்கும் விற்றுவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு; விற்ற பணத்தில் பிள்ளைக்கு வாங்குவது ஒரு வறுவல் உறை. சோற்றுக்குச் சுவை போதவில்லை எனினும் முறுக்குக்கும் அடைக்கும் உருண்டைக்கும் அவ்வரிசியில் குறை சொல்ல ஏதுமில்லை. தெருவுக்கொரு மகளிர் குழு இருக்கிறது. ஐந்து வீட்டார் சேர்ந்து பயறும் வெல்லமும் மொத்தமாக வாங்கினால் விலை இன்னும் இறங்கும்.

உருண்டை செய்யத் தொடங்குவோர் பலர் கைவிடுவது பாகில்தான். இளம்பாகில் பிடித்தால் மறுநாளே உதிர்ந்துவிடும். கொதிக்கும் பாகில் ஒரு துளியை எடுத்துக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் உருட்டி, வெண்கலத் தட்டில் எறிந்து பார்க்க வேண்டும். ‘ணங்’ என்று ஒலித்தால் பதம், உடனே இறக்கிவிடுக. உருட்டும்போது உள்ளங்கையில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டால் சுடாது.